கம்பெனிக்குப் பாகப்பிரிவினை: கிணறு யாருக்கு?

ஊர்ப்பக்கம் அண்ணன் தம்பி சொத்துப் பிரிக்கும்போது வயலைப் பிரிப்பதில் பெரிய சண்டை வராது. சங்கிலி போட்டு அளந்தால் முடிந்தது. வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர் எழுப்பிவிடலாம். சண்டை வருவது கிணற்றில்தான். கிணற்றைப் பாதியாக வெட்டி ஆளுக்கொரு பக்கம் எடுத்துப்போக முடியாதே! அதனால் பத்திரம் எழுதுகிறவர் கொஞ்சம் விவரமானவராக இருந்தால், எந்தெந்தக் கிழமை யாருக்குத் தண்ணீர் முறை, மோட்டார் ரிப்பேர் யார் செலவு, வண்டித்தடம் யார் வயல் வழியாகப் போகிறது என்று எல்லாவற்றையும் எழுதிவிடுவார். 'பொதுக்கிணறு, இருவரும் அனுசரித்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டால் போச்சு. அடுத்த தலைமுறை முன்சீப் கோர்ட் வராந்தாவில்தான் உட்கார்ந்திருக்கும்.

கம்பெனிகளைப் பிரிப்பதும் இதே கதைதான். அதற்கு டிமெர்ஜர் என்று பெயர். செய்தித்தாள்கள் இதைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஒரே பாட்டுதான் பாடும்: உள்ளே பூட்டிக் கிடந்த மதிப்பு வெளியே வரப்போகிறது, பங்குதாரருக்கு யோகம். கிணறு என்ன ஆச்சு என்று கேட்பவர்கள் குறைவு.

முதலில், இது நடக்கும் விதம். ஒரு கம்பெனி இரண்டு மூன்று தொழில் செய்கிறது. அதில் ஒன்றை, அதன் சொத்து, கடன், ஆட்கள், லைசென்ஸ் எல்லாவற்றோடும் சேர்த்து இன்னொரு கம்பெனிக்கு மாற்றுகிறார்கள். புதுக் கம்பெனி அதற்கு விலையாகப் பணம் தருவதில்லை, தன் பங்குகளைத் தருகிறது. அந்தப் பங்குகள் பழைய கம்பெனிக்குப் போகாமல் அதன் பங்குதாரர்கள் கைக்கு நேரடியாக வருகின்றன. நேற்று ஒரு பங்கு வைத்திருந்தவரிடம் இன்று இரண்டு கம்பெனிப் பங்கு இருக்கும். 1956ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் காலத்தில் உயர் நீதிமன்றம் இதற்கு ஒப்புதல் கொடுத்தது. 2016 டிசம்பரிலிருந்து அந்த வேலை தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டது. ஓட்டுப் போடுகிறவர்களில் மதிப்புக் கணக்கில் முக்கால் பங்கு ஆதரவு வேண்டும். வரிச் சலுகை வேண்டுமென்றால் இன்னும் கறாரான இலக்கணம் உண்டு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், பிரியும் தொழிலின் சொத்து கடன் அனைத்தும் புத்தக மதிப்பிலேயே மாற வேண்டும், தொழில் ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே மாற வேண்டும் என்று வகுத்தது. நல்லதை எடுத்துக்கொண்டு கடனை மட்டும் விட்டுவிட்டுப் போனால் அது டிமெர்ஜர் ஆகாது. (காகிதத்தில் நல்ல சட்டம்தான்.)

அந்த 'மதிப்பு வெளியே வருகிற' கணக்கை ஒரு நிஜ உதாரணத்தில் பாருங்கள். 2023 ஜூலையில் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் சர்வீசஸ் பிரிந்தது. ஜூலை 19 அன்று ரிலையன்ஸ் பங்கு முடிந்த விலை 2841.85 ரூபாய். மறுநாள் காலை தனி வர்த்தகம் வைத்து, ஜியோ இல்லாத ரிலையன்ஸின் விலை என்ன என்று சந்தையிடமே கேட்டார்கள். 2580 என்றது சந்தை. கழித்தால் 261.85. அதுதான் ஜியோ ஃபைனான்ஷியலின் விலை என்று அறிவித்தார்கள். அவ்வளவுதான் விஷயம். முழுத் தேங்காயின் விலையிலிருந்து ஒரு மூடியின் விலையைக் கழித்து மற்ற மூடிக்குச் சீட்டு ஒட்டினார்கள். வருமான வரிக்காகப் பழைய பங்கை வாங்கிய விலையையும் 95.32 சதவீதம், 4.68 சதவீதம் என்று பிரித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆயிரம் ரூபாய்க்கு வாங்கியவர் இனி 953 ரூபாய் 20 காசுக்கு ஒன்றும் 46 ரூபாய் 80 காசுக்கு ஒன்றும் வாங்கியதாக எழுதிக்கொள்ள வேண்டும். வெட்டுகிற கத்தியால் தேங்காய் பெரிதாகாது.

அப்படியானால் எதற்குத்தான் பிரிக்கிறார்கள்? நியாயமான காரணங்களும் உண்டு. சென்னையிலேயே ஒன்று நடந்தது. பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் சைக்கிள்களைத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். அவற்றைத் தயாரிக்கும் முருகப்பா குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனி, இரும்புக் குழாய், செயின், சைக்கிள் எல்லாம் செய்துகொண்டே, சோழமண்டலம் ஃபைனான்ஸ், சோழா எம்.எஸ். இன்சூரன்ஸ் இவற்றின் பங்குகளையும் கையில் வைத்திருந்தது. குழாய் செய்கிற ஃபேக்டரிக்கும் லாரிக்குக் கடன் கொடுக்கிற கம்பெனிக்கும் என்ன உறவு? ஒன்றுக்கு இரும்பு விலை முக்கியம், மற்றதற்கு வட்டி விகிதம் முக்கியம். 2017இல் உற்பத்தித் தொழிலைத் தனியே பிரித்து, ஒன்றுக்கு ஒன்று என்று பங்கு கொடுத்தார்கள். இதில் ஒரு வேடிக்கை. புதுக் கம்பெனிதான் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற பழைய பெயரை எடுத்துக்கொண்டது. பழைய கம்பெனி பெயர் மாறிக் கடைசியில் சோழமண்டலம் ஃபைனான்ஷியல் ஹோல்டிங்ஸ் ஆயிற்று. 2020இல், பிரிந்த உற்பத்திக் கம்பெனி சி.ஜி. பவரைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஃபைனான்ஸ் கம்பெனியை நம்பிப் பணம் போட்டவருக்கு அந்த முடிவைப் பற்றி எந்தக் கவலையும் இருந்திருக்காது.

இந்தப் பிரிப்பு ஏன் சத்தமில்லாமல் முடிந்தது? பொதுக்கிணறு இல்லை. சைக்கிள் ஓட ஃபைனான்ஸ் தேவையில்லை, ஃபைனான்ஸ் ஓடச் சைக்கிள் தேவையில்லை.

கிணறு இருந்த கதைக்கு இப்போது வருவோம். அது இந்தியாவிலேயே பெரிய கதை.

திருபாய் அம்பானி 2002 ஜூலை 6 அன்று இறந்தார். உயில் இல்லை. 2004 நவம்பரில் முகேஷ், அனில் இருவருக்கும் ஒத்துவரவில்லை என்பது வெளியே தெரிந்தது. 2005 ஜூன் 18 அன்று அவர்களின் தாயார் கோகிலாபென், பிரச்சினை சுமுகமாக முடிந்துவிட்டது என்று அறிவித்தார். சுத்திகரிப்பு, பெட்ரோகெமிக்கல், எண்ணெய் எரிவாயு எல்லாம் முகேஷுக்கு. டெலிபோன், மின்சாரம், ஃபைனான்ஸ் அனிலுக்கு. அந்த ஆண்டு டிசம்பர் 9 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் டிமெர்ஜருக்கு ஒப்புதல் தந்தது. ரிலையன்ஸ் பங்கு ஒன்று வைத்திருந்தவருக்கு நான்கு புதுக் கம்பெனிகளில் ஒவ்வொரு பங்கு கிடைத்தது. 2006 ஜனவரி 18 அன்று தனி வர்த்தகம் நடந்தது. அம்மா தீர்த்துவைத்த பாகப்பிரிவினை என்று பத்திரிகைகள் உருகி உருகி எழுதின.

அந்த நான்கில் மூன்று எல்லோருக்கும் புரிந்த தொழில்: டெலிகாம், எனர்ஜி, கேப்பிட்டல். நான்காவதுதான் விசித்திரம். ரிலையன்ஸ் நேச்சுரல் ரிசோர்சஸ், சுருக்கமாக ஆர்.என்.ஆர்.எல். அதனிடம் கிணறும் இல்லை, குழாயும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு உரிமை, அதாவது அண்ணன் கம்பெனியின் கிருஷ்ணா கோதாவரிப் படுகை டி6 பகுதியிலிருந்து எரிவாயு வாங்கும் உரிமை. அதை வைத்துத் தம்பி உத்தரப்பிரதேசத்தின் தாத்ரியில் மின் நிலையம் கட்டுவதாகத் திட்டம். ஒரு நாளைக்கு 2 கோடியே 80 லட்சம் கன மீட்டர், பத்து லட்சம் பி.டி.யு.வுக்கு 2.34 டாலர் விலை, 17 ஆண்டுகள். இதுதான் தண்ணீர் முறை!

ஆனால் இந்த முறை எங்கே எழுதியிருந்தது? குடும்பம் தனக்குள் எழுதிக்கொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தில். நீதிமன்றம் ஒப்புதல் தந்த ஸ்கீமில் இருந்ததோ, எரிவாயு வழங்குவதற்குத் தகுந்த ஏற்பாடு செய்யப்படும் என்ற அளவிலான ஒரு ஷரத்து. 'அனுசரித்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்பதற்கு கார்ப்பரேட் வக்கீல் பாஷை. ரிலையன்ஸின் லட்சக்கணக்கான பங்குதாரர்கள் ஸ்கீமுக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். குடும்பக் காகிதம் அவர்கள் கண்ணிலேயே படவில்லை. ஆர்.என்.ஆர்.எல்.லின் குறை இன்னும் ஒன்று. 2006 ஜனவரியில் எரிவாயு ஒப்பந்தம் போட்டபோது அந்தக் கம்பெனியின் நிர்வாகமே இன்னும் அனில் கைக்கு வந்திருக்கவில்லை என்றது அது. இரண்டு பக்கக் கையெழுத்தும் ஒரே வீட்டிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் என்ன... கோர்ட்தான். 2006 கடைசியில் வழக்கு ஆரம்பித்தது. 2007இல் மத்திய அரசு அந்த எரிவாயுவுக்கு 4.20 டாலர் என்று விலை வைத்தது. 2009 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஆர்.என்.ஆர்.எல். பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2010 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஈரோடு மாவட்டத்துக்காரரான நீதிபதி பி. சதாசிவம். குடும்பத்தார் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது, எரிவாயு விஷயத்தில் அரசு வைத்த விலையும் கொள்கையும்தான் செல்லும், அதற்கு உட்பட்டு மறுபடி பேசிக்கொள்ளுங்கள் என்றது தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பை அண்ணன் ஜெயித்தார், தம்பி தோற்றார் என்றுதான் அன்று எல்லோரும் படித்தார்கள். சட்டப்படி அது சொன்னது வேறு. கம்பெனி என்பது அதை நடத்தும் குடும்பத்தின் வீடு இல்லை. வீட்டுக்குள் பாகம் பிரித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கம்பெனியின் சொத்தை அதன்படி கொடு என்று கேட்க முடியாது. கடலுக்கடியில் இருக்கும் எரிவாயுவோ அந்தக் குடும்பத்தின் சொத்தும் இல்லை, கம்பெனியின் சொத்தும் இல்லை, நாட்டின் சொத்து. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து ஊர்ப் பொதுக்கிணற்றுக்குத் தண்ணீர் முறை எழுதிக்கொண்டார்கள் என்பதுதான் கதையின் சாரம். ஐந்து வருடம் கழித்துத்தான் ஊர்க்காரன் வாய் திறந்தான்!

அதற்கு விலை கொடுத்தவர்கள் யார்? தீர்ப்பு வந்த நாளே ஆர்.என்.ஆர்.எல். பங்கு விழுந்தது. அந்த வருடமே அந்தக் கம்பெனி ரிலையன்ஸ் பவரோடு இணைந்து காணாமல் போயிற்று, நான்கு ஆர்.என்.ஆர்.எல். பங்குக்கு ஒரு பவர் பங்கு என்ற கணக்கில். தாத்ரியில் அந்த மின் நிலையம் வரவே இல்லை.

மற்ற கம்பெனிகளின் கதையும் தெரிந்ததுதான். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் பங்கு 2008 ஜனவரியில் 800 ரூபாயைத் தாண்டியது. 2010 மே மாதம் சகோதரர்கள் ஒருவர் தொழிலில் ஒருவர் நுழைவதில்லை என்ற ஒப்பந்தத்தை ரத்து செய்துகொண்டார்கள். அடுத்த மாதமே முகேஷ் 4,800 கோடி ரூபாய் போட்டு இன்ஃபோடெல் பிராட்பேண்டை வாங்கினார். அதுதான் ஜியோவாகி 2016 செப்டம்பர் 5 அன்று கடைக்கு வந்தது. கம்யூனிகேஷன்ஸ் 2019இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. அதே வருடம் எரிக்சனுக்குத் தர வேண்டிய பாக்கிக்காக, பணம் கட்டாவிட்டால் மூன்று மாதம் சிறை என்று அனிலிடம் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, கைகொடுத்தது அண்ணன்தான். ரிலையன்ஸ் கேப்பிட்டலின் நிர்வாகக் குழுவை 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி கலைத்தது. பின்னால் அதை ஹிந்துஜாக்களின் கம்பெனி எடுத்துக்கொண்டபோது பழைய பங்குதாரருக்குக் கிடைத்தது பூஜ்யம்.

இவ்வளவுக்கும் டிமெர்ஜரே காரணம் என்று சொன்னால் அது நியாயமில்லை. டெலிகாமில் விலைச் சண்டையும், மலை மாதிரி ஏறிய கடனும் சேர்ந்துதான் கம்யூனிகேஷன்ஸை முடித்தன. 2006இல் ஐந்து பங்குகளையும் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டுத் தூங்கியவருக்குப் பெரிய நஷ்டமும் இல்லை, ஒரு ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் மற்ற நான்கையும் சுமந்துவிட்டது. அடிபட்டவர்கள் பிரிந்த பிறகு ஒரு துண்டை மட்டும் நம்பி உள்ளே வந்தவர்கள்.

இதைக் கவனித்தால் டிமெர்ஜரில் ஒரு பெரிய ஏற்றத்தாழ்வு தெரியும். பங்குதாரருக்கு எல்லாத் துண்டிலும் பங்கு உண்டு. எது ஜெயித்தாலும் அவருக்கு ஏதோ கிடைக்கும். தொழிலாளிக்கு அந்த வசதி இல்லை. அவர் ஒரு துண்டோடு மட்டும் போகிறார். சர்வீஸ் தொடரும், சம்பளம் குறையாது என்று ஸ்கீமில் எழுதுவார்கள், உண்மைதான். ஆனால் அந்தத் துண்டு பத்து வருடம் நிற்குமா என்பது அவருடைய பி.எஃப்., கிராஜுவிட்டி, வீட்டுக்கடன் எல்லாவற்றையும் தொடுகிற கேள்வி. அதற்கு அவரிடம் ஓட்டு இல்லை. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டியவர்கள் பட்டியல் ஒன்று இருக்கிறது. வருமான வரித் துறை உண்டு, ரிசர்வ் வங்கி உண்டு, செபி உண்டு, பங்குச்சந்தை உண்டு. தொழிற்சங்கம் இல்லை. சின்னப் பங்குதாரருக்கு ஓட்டு உண்டு, ஆனால் தீர்ப்பாயத்தில் ஆட்சேபம் தெரிவிக்க 10 சதவீதப் பங்கு கையில் இருக்க வேண்டும். கடன் கொடுத்தவர் என்றால் மொத்தப் பாக்கியில் 5 சதவீதம். நூறு பங்கு வைத்திருக்கும் ரிட்டயர்டு வாத்தியார் ஆட்சேபம் சொன்ன மாதிரிதான் :)

ஒன்றாக இருப்பதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது, அதையும் மறந்துவிடுகிறார்கள். டாடா மோட்டார்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் லாரி பஸ் ஒரு கம்பெனி, கார் ஒரு கம்பெனி என்று பிரிந்தது. ஜாகுவார் லேண்ட் ரோவர் கார் பக்கம். இதிலும் பெயர் இடம் மாறியது, பிரிந்துபோன லாரிக் கம்பெனிக்குத்தான் டாடா மோட்டார்ஸ் என்ற பெயர். அதற்கு முந்தின மாதம்தான் கம்ப்யூட்டர் தாக்குதலால் ஜாகுவார் லேண்ட் ரோவர் ஃபேக்டரிகள் வாரக்கணக்கில் நின்றன. லாரிக் கம்பெனிக்காரர்கள், நல்லவேளை பிரிந்தோம் என்று பெருமூச்சு விட்டிருக்கலாம். ஆனால் 2010களில் இந்திய வியாபாரம் நஷ்டத்தில் கிடந்தபோது டாடா மோட்டார்ஸைத் தாங்கிப் பிடித்தது அதே ஜாகுவார் லேண்ட் ரோவரின் லாபம்தான். இனி ஒருவர் விழுந்தால் இன்னொருவர் தாங்கும் ஏற்பாடு கிடையாது.

கடைசியாக, கிணற்றை விட மோசமான ஒன்று இருக்கிறது. அது பழைய கடன். வங்கிக் கடன் அல்ல, அது கணக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கும், யாரும் பார்த்துவிடலாம். மண்ணிலும் தண்ணீரிலும் கலந்துவிட்ட கடன். அமெரிக்காவில் கெர்-மெக்கீ என்று ஒரு எண்ணெய்க் கம்பெனி. எண்ணெய் தவிர, பல பத்தாண்டுகளாக அது யுரேனியம் தோண்டியது, மரத்துக்குப் பூசும் ரசாயனம் செய்தது, ராக்கெட் எரிபொருளுக்கான ரசாயனமும் செய்தது. பல இடங்களில் நிலம் கெட்டது. நவாஹோ பழங்குடியினரின் நிலத்திலிருந்த யுரேனியச் சுரங்கங்களும் அதில் அடக்கம். 2005, 2006இல் கம்பெனியைப் பிரித்தார்கள். பெயிண்டுக்கு வெள்ளை நிறம் தரும் டைட்டானியம் டை ஆக்ஸைடு தொழில் ட்ரோனாக்ஸ் என்ற பெயரில் தனியே போனது. எண்ணெயும் எரிவாயுவும் கெர்-மெக்கீயிடம். பழைய மாசின் பொறுப்பு? அது ட்ரோனாக்ஸ் தலையில். சில மாதங்களில், சுத்தமாகிவிட்ட கெர்-மெக்கீயை அனடார்கோ என்ற பெரிய கம்பெனி வாங்கிக்கொண்டது. 2009 ஜனவரியில் ட்ரோனாக்ஸ் திவால்.

அங்கே நீதிமன்றம் விடவில்லை. கடன்காரர்களை ஏமாற்றும் சொத்து மாற்றம் இது என்று 2013 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2014இல் அனடார்கோ 515 கோடி டாலர் கொடுத்து சமாதானமானது. அதில் 440 கோடி சுற்றுச்சூழலைச் சீர் செய்ய. ஒரு பெயிண்ட் தொழிலோடு சேர்த்து எழுபது வருடக் குப்பையையும் பார்சல் கட்டி அனுப்பலாம் என்று நினைத்தவர்களுக்கு அது பெரிய பில்தான். ஆனாலும் அந்த பில் வர எட்டு வருடம் ஆயிற்று. அதுவரை அந்த மண்ணில் குடியிருந்தவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள்.

தமிழ்நாட்டில் இதைப் படிக்கும் யாருக்கும் ஒரு ஊர் நினைவுக்கு வராமல் இருக்காது. வேதாந்தா 2023 செப்டம்பரில் தன்னைப் பல கம்பெனிகளாகப் பிரிக்கப்போவதாக அறிவித்தது. அலுமினியம், எண்ணெய் எரிவாயு, மின்சாரம், இரும்பு, அதோடு தாமிரம் முதலான உலோகங்களுக்கும் ஒரு தனிக் கம்பெனி. அந்தத் தாமிரத்தில் தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையும் சேர்த்தி. 2018 மே மாதம் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த பிறகு தமிழக அரசு மூடிய ஆலை அது. திறக்கக் கோரிய வேதாந்தாவின் மனுவை 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

மூடிக்கிடக்கும் ஆலை, அதன் நிலம், அங்கே சேர்ந்திருக்கும் கழிவு இவையெல்லாம் பணம் குறைந்த ஒரு புதுக் கம்பெனியின் பெயருக்குப் போயிருந்தால், நாளைக்குச் சுத்தம் செய்யச் சொல்லி யார் வாசலில் போய் நிற்பது என்ற கேள்வியை வர்த்தகப் பக்கங்கள் அதிகம் பேசவில்லை. எந்தப் பங்குக்கு எத்தனை பங்கு என்பதே அங்கே பேச்சாக இருந்தது. 2024 டிசம்பரில் அந்த உலோகப் பிரிவை மட்டும் பிரிக்காமல் தாய்க் கம்பெனியிலேயே வைத்துக்கொள்வதாக வேதாந்தா முடிவை மாற்றிக்கொண்டது. முதலீட்டாளர்களுக்கு அது ஒரு வரிச் செய்தி. தூத்துக்குடிக்காரர்களுக்கு, ஆலையின் பத்திரம் பழைய பெயரிலேயே இருக்கிறது என்று அர்த்தம்.